ஜீப்ரா ஃபிஞ்ச் காலனி வளர்ப்பு: கூண்டு கட்டுவது முதல் குஞ்சு பிரிப்பது வரை முழுமையான வழிகாட்டி

இது ஜீப்ரா ஃபிஞ்ச் என்கிற, தானியம் தின்னும் சின்னக் கூண்டுப் பறவைக்கு மட்டுமான வழிகாட்டி. நான்கு ஜோடியை ஒரே கூண்டில் காலனியாக விட்டு, முட்டை வைத்து, குஞ்சுகள் தாங்களாகத் தீனி எடுக்கப் பழகும் வரை எதை எப்போது செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன். தாம்பரம் பக்கத்தில் ஒரு மொட்டைமாடியில் செய்து பார்த்தவை இவை. உங்கள் ஊர் மழைக்கும் காற்றுக்கும் ஏற்ப மாதங்களை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிதாக வளர்க்க வருகிறவர்கள் கூண்டு, பறவை, முட்டை வைப்பதற்கான மண்பானை, ஒரு கிலோ தினை எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வந்து மாலைக்குள் மாட்டிவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். பத்து நாளில் முட்டை தெரிந்தது, வீடே மகிழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு பெட்டை முட்டை வெளியே வராமல் தரையில் இறந்து கிடந்தது.

பானையைப் பார்த்தால் இந்தப் பறவை முட்டை வைக்கத் தொடங்கிவிடும். அதன் உடம்பில் அதற்கான சத்து இருக்கிறதா என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை நாம்தான் பார்க்க வேண்டும். அதனால் பானை இந்த வழிகாட்டியில் எட்டாவது படியாகத்தான் வருகிறது.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

ஒரு தடவையில் வைக்கும் முட்டைகளையும் அவற்றின் குஞ்சுகளையும் சேர்த்து ஒரு ஈடு என்போம். பானை மாட்டும் நாளிலிருந்து முதல் ஈட்டுக் குஞ்சுகளைப் பிரிக்கும் நாள் வரை ஏறக்குறைய 65 நாள் ஆகும். முதல் ஈடு பானையை விட்டு வெளியே வந்ததும் பெட்டை அடுத்த ஈட்டைத் தொடங்கிவிடும். இரண்டு ஈட்டுக்கும் சேர்த்து 100 நாள் கையில் வேண்டும்.

நான் பொங்கல் வாக்கில் பானை மாட்டுகிறேன். இரண்டாம் ஈட்டுக் குஞ்சுகளைச் சித்திரை பத்துக்குள் பிரித்துவிடலாம், கத்திரி வெயிலுக்கு முன் வேலை முடிந்துவிடும். வெயில் 38 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மண்பானைக்குள் நான்கைந்து குஞ்சுகள் நெருக்கியடித்துக் கிடந்தால் வெந்துபோகும். ஐப்பசி, கார்த்திகையில் பானை வேண்டாம். ஈரத்தில், வேகவைத்த முட்டையில் செய்யும் முட்டைத் தீனி சீக்கிரம் கெடும், பானைக்குள் போடும் புல் மெத்தை பூசணம் பிடிக்கும்.

பொங்கலுக்குப் பானை என்றால் பறவை கார்த்திகை பத்துக்குள்ளேயே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். அதற்கும் முன்பே கூண்டு தயாராக இருக்க வேண்டும்.

2. கூண்டு

நான்கு ஜோடிக்கு 6 அடி நீளம், 3 அடி அகலம், 6 அடி உயரம் போதும். இடம் குறைவென்றால் உயரத்தைக் குறையுங்கள், நீளத்தைக் குறைக்காதீர்கள். ஃபிஞ்ச் பக்கவாட்டில் பறக்கிற பறவை. உயரமான ஒடுக்கமான கூண்டில் அதற்குப் பறக்க இடமே இருக்காது.

கம்பி வலை அரை அங்குல வெல்டு மெஷ். ஒரு அங்குல வலை மலிவு என்று வாங்காதீர்கள், இளங்குஞ்சு அதில் நுழைந்து வெளியேறிவிடும். சுண்டெலி அரை அங்குலத்திலும் நுழையும் என்பதால் கீழே இரண்டடி உயரத்துக்குத் தகரம் அடித்திருக்கிறேன்.

மேற்கூரையில் பின்பக்கம் நான்கடிக்கு ஷீட் போட்டு அதன்மேல் தென்னங்கீற்று பரப்புங்கள். முன்பக்கம் இரண்டடி வெளிச்சத்துக்காக வலையாகவே இருக்கட்டும், ஆனால் ஒரு விரல்கடை இடைவெளி விட்டு இரண்டு அடுக்காக அடியுங்கள். ஒற்றை வலை என்றால் வல்லூறு மேலே உட்கார்ந்து வலையோடு தொங்கும் பறவையின் காலைப் பிடித்துவிடும்.

சென்னைப் பக்கம் பெருமழை வடகிழக்கிலிருந்து வரும். அதனால் வடக்கும் கிழக்கும் மூடிய பக்கங்களாக இருக்க வேண்டும். கோயம்புத்தூர், பொள்ளாச்சிக்காரர்கள் மேற்கு அடைக்க வேண்டும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்தப் பக்கம்தான்.

கதவு மூன்றடி உயரத்துக்கு மேல் வேண்டாம். பதறிய ஃபிஞ்ச் மேலேதான் எழும்பும், தாழ்வான கதவைக் குனிந்து திறந்தால் தலைக்கு மேல் தப்பிப் போகாது.

எறும்பைப் பற்றி யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. குஞ்சு பொரிந்த இரவில் எறும்புச் சாரை ஏறினால் காலையில் பானையில் ஒன்றும் மிஞ்சாது. கூண்டுக் கால் நான்கையும் கிண்ணத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, கொசு வராமல் ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். எறும்பு மருந்துச் சாக்பீஸ் கூண்டருகே வரவே கூடாது. அந்தப் பொடி பறவைக்கும் விஷம். கொசுவர்த்திப் புகையும் அப்படித்தான், ஃபிஞ்சின் மூச்சுப்பை தாங்காது.

உட்காரும் கொம்புக்கு வேம்பு, கொய்யாக் கிளைகள் நல்லவை. சுண்டுவிரல் பருமனில் இரண்டு கோடியிலும் கட்டுங்கள். தீனிக்கும் தண்ணீருக்கும் நேர்மேலே கட்டினால் எச்சம் அதில் விழும்.

3. பறவை வாங்குவதற்கு முன் வீட்டில் இருக்க வேண்டியவை

தோல் நீக்காத சிறுதானியம், கடல்நுரை, முட்டை ஓட்டுத் தூள், இரண்டு தீனித் தட்டு, தண்ணீர்க் குவளை, ஒரு அங்குல ஆழமுள்ள குளிக்கும் தட்டு, ஒரு சிறிய தனிக்கூண்டு, ஜீரோ வாட் பல்பு, ஒரு நோட்டு. கடல்நுரை என்பது கணவாய் மீனின் ஓடு, நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் தருவார்கள்.

4. பறவையைத் தேர்ந்தெடுப்பது

சாம்பல் நிறத்தையே வாங்குங்கள். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும், மார்பில் கறுப்புக் கோடும், விலாவில் வெள்ளைப் புள்ளி வைத்த செம்பழுப்பும் இருக்கும். பெட்டைக்கு இவை இல்லை. முழு வெள்ளையில் அலகின் நிறம் எவ்வளவு அழுத்தம், பாடுகிறதா இல்லையா என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். பழகாத கண்ணுக்கு அது தவறும். ஒரு ஆண் கூடுதலாகிவிட்டாலே காலனி கலைந்துபோகும், துணை இல்லாதது மற்றவற்றின் பானைக்குள் புகுந்துகொண்டே இருக்கும்.

அலகில் கறுப்பு மிச்சமிருந்தால் அது இன்னும் குஞ்சு. மூன்று மாதத்திலேயே முட்டை வைக்கக்கூடிய பறவைதான். ஆனால் ஆறு மாதம் நிரம்பாத பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்வது அதிகம், முதல் ஈட்டைப் பாதியில் கைவிடுவதும் அதிகம்.

ஆண்களை ஒரு இடத்திலும் பெட்டைகளை வேறொரு இடத்திலும் வாங்குங்கள். ஒரே கூண்டிலிருந்து எட்டும் எடுத்தால் அண்ணன் தங்கையாகத்தான் பெரும்பாலும் அமையும்.

ஒரு ஜோடி வளர்க்கலாம், மூன்று அல்லது நான்கு ஜோடி வளர்க்கலாம். இரண்டு ஜோடி மட்டும் வேண்டாம். வலுத்தது மற்றதை விரட்டிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை கூடினால் அந்த விரட்டல் ஒன்றின் மேலேயே விழாது.

சந்தையில் சாயம் பூசிய சின்னக் குருவிகளைக் கலர் ஃபிஞ்ச் என்று விற்பார்கள். அவை நம் வயலில் பிடித்த சில்லைகள். அவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பரிதாபப்பட்டும் வாங்காதீர்கள், வாங்கினால் அடுத்த வாரம் இன்னும் பத்தைப் பிடித்து வருவார்கள்.

5. முப்பது நாள் தனிக்கூண்டு

புதுப் பறவையை நேராகப் பெரிய கூண்டில் விடாதீர்கள். கூண்டில் ஏற்கெனவே பறவை இல்லையென்றாலும் இது தேவை. பெரிய கூண்டில் ஒரு பறவையின் எச்சத்தையோ மூச்சையோ தனியாகக் கவனிக்க முடியாது.

இரவு விளக்கணைத்த பிறகு காதைக் கொடுத்துக் கேளுங்கள். மூச்சோடு சின்ன ‘டிக் டிக்’ சத்தம் வந்தாலோ, வாலை ஆட்டி ஆட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ அது மூச்சுப்பை உண்ணியாக இருக்கலாம். ஆசனவாயைச் சுற்றி இறகு ஒட்டிப்போயிருந்தால் வயிற்றுக் கோளாறு. இரண்டுக்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடையில் கொடுக்கும் பொடியைத் தண்ணீரில் கலந்து ஊகத்தில் வைத்தியம் பார்க்க வேண்டாம். பன்னிரண்டு கிராம் உடம்புக்கு மருந்தளவு கொஞ்சம் தப்பினாலும் பறவை போய்விடும்.

6. அன்றாடத் தீனி

வளர்ப்பில் முக்கால் பங்கு வேலை இங்கேதான் இருக்கிறது. நான் பார்த்த இறப்புகளிலும் பாதி இங்கே நடந்தவை.

ஃபிஞ்ச் தானியத்தை அலகில் உருட்டித் தோலை உரித்துத் துப்பிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தின்னும். துப்பிய உமி தட்டின் மேலேயே விழும். மாலையில் பார்த்தால் தட்டு நிறைந்திருப்பது போலத் தெரியும், மேலே இருப்பது முழுக்க உமி. வீட்டில் ஆள் இருக்கும்போதே, தட்டு நிறையத் தீனி என்று நினைத்திருக்கும்போதே பறவை பட்டினியால் சாகிறது. இவ்வளவு சின்ன உடம்பு முழுதாக ஒரு நாள் பட்டினி தாங்காது. தினமும் காலையில் தட்டை எடுத்து உமியை ஊதிவிட்டு, மிச்சத்தைப் பார்த்து, புதிதாகப் போடுங்கள்.

இரண்டாவது பிழை, மளிகைக் கடையில் தினை அரிசி வாங்குவது. சமையலுக்கு விற்பது தோல் நீக்கியது. சீக்கிரம் வண்டு விழும், ஊறவைத்தால் முளைக்காது. தோலோடு இருக்கும் தினையைப் பறவைத் தீனிக் கடையில் கேளுங்கள்.

என் கலவை: தினை நான்கு பங்கு, பனிவரகு மூன்று, சாமை இரண்டு, குதிரைவாலி ஒன்று. தினை மட்டும் போட்டாலும் தின்னும். ஆனால் ஒரே தானியத்துக்குப் பழகிவிட்டால் அது கிடைக்காத மாதம் மற்றதைத் தொடாது. பேயெள்ளு எண்ணெய் வித்து, வாரம் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

ஒரு பறவை நாளுக்கு மூன்று முதல் ஐந்து கிராம் தின்னும். எட்டுப் பறவைக்கு 40 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோ 25 நாள் வரும். இரண்டு கிலோவுக்கு மேல் சேர்த்து வாங்காதீர்கள்.

வாங்கிய தானியம் உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பது எளிது. இருபது மணியை ஈரத்துணியில் சுற்றி வைத்து மூன்றாம் நாள் பாருங்கள். குறைந்தது பதினைந்து முளைத்திருக்க வேண்டும். ஐந்தாறுதான் முளைத்தது என்றால் பழைய சரக்கு, திருப்பிக் கொடுங்கள். பூசண வாடை அடித்தால் வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். வாடை போகும், பூசண நஞ்சு போகாது.

கீரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம். முருங்கை, கொத்தமல்லி, காட்டில் முளைத்த புல்லின் பச்சைக் கதிர் எல்லாம் நல்லவை. கடைக் கீரையைப் பல முறை அலசுங்கள், மருந்து தெளித்திருப்பார்கள். பசலையை அடிக்கடி கொடுக்காதீர்கள், அதில் இருக்கும் ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சுண்ணாம்புச் சத்து எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். முட்டை ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, காயவைத்து, ரவை பதத்தில் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தானியத்தோடு கலக்காதீர்கள், எது எவ்வளவு தீர்ந்தது என்று தெரியாமல் போகும். முட்டை வைக்கப்போகும் பெட்டை அந்தக் கிண்ணத்தை விட்டு நகராது.

பிரெட், பிஸ்கட், பால், உப்புப் போட்ட எதுவும் வேண்டாம். வெண்ணெய்ப்பழம் என்கிற அவகாடோ பறவைக்கு நேரடி விஷம்.

7. முட்டைத் தீனியை முன்பே பழக்குவது

பெரிய கூண்டில் விட்டபின் மூன்று வாரம் இதற்கு. ஒரு கோழிமுட்டையைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கெட்டியாக வேகவைத்து, நன்றாக மசித்து, ஈரம் இழுக்கும் அளவு ரஸ்க் தூள் சேர்த்து, கொஞ்சம் கேரட் துருவிப் போடுங்கள். ஜோடிக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு நாளுக்கு ஒருமுறை. இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். நம் வெப்பத்தில் அதற்கு மேல் கெட்டுவிடும்.

முதல் வாரம் தொடவே தொடாது. சோர்ந்துவிடாதீர்கள். மேலே கொஞ்சம் தினையைத் தூவி வைத்தால் தினையைத் தேடும்போது முட்டை அலகில் படும்.

குஞ்சு பொரிந்த பிறகு இதைத் தொடங்கலாமே என்று கேட்பார்கள். ஃபிஞ்ச் புதுத் தீனியைக் கண்டு ஒதுங்கும் பறவை. பொரிந்த அன்று முதல்முறையாக முட்டையைப் பார்த்தால் தொடாது. வெறும் தானியத்தை வைத்து நான்கு குஞ்சை நிமிர்த்த முடியாமல், கடைசிக் குஞ்சை வெளியே தள்ளிவிடும்.

இதோடு முளைகட்டிய தினையும் பழக்குங்கள். இரவு ஊறவைத்து, காலையில் அலசித் துணியில் கட்டி, நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அலசினால் மறுநாள் வெள்ளை முளை தெரியும். புளித்த வாடை வந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள்.

8. இப்போது பானை

பெட்டைகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன, முட்டைத் தீனியை ஓடி வந்து தின்கின்றன, ஆண்கள் விடாமல் பாடுகின்றன என்றால் பானை மாட்டலாம்.

நான்கு ஜோடிக்கு எட்டுப் பானை. எல்லாம் ஒரே உயரத்தில். ஒன்று மட்டும் உயரத்தில் இருந்தால் நான்கு ஜோடியும் அதற்காகவே சண்டை போடும். பக்கத்தில் வட்ட வாய் வைத்து, ஃபிஞ்சுக்கென்றே விற்கும் சின்ன மண்பானைதான் நான் பயன்படுத்துவது. கூரை உள்ள பகுதியில், ஆடாமல் கம்பியால் இறுக்கி, வாய் சற்று மேல்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள்.

பாதி அளவுக்கு நீங்களே மெத்தை திணித்துவிடுங்கள். காய்ந்த அறுகம்புல்லும், இரண்டு மூன்று அங்குலமாக வெட்டிய தேங்காய் நாரும் போதும். நாரை வெட்டாமல் போடாதீர்கள், காலில் சுற்றி இறுகிக் கால் அழுகிப்போகும். நூல், தலைமுடி, பஞ்சு மூன்றுக்கும் இதே ஆபத்து.

மீதிப் புல்லை ஒரு வாரம் தரையில் போட்டு வையுங்கள், அது பின்னட்டும். முட்டைகள் தெரியத் தொடங்கியதும் தரையில் ஒரு நார்கூட இல்லாமல் பொறுக்கிவிடுங்கள். கையில் புல் கிடைக்கும் வரை ஆண் கட்டிக்கொண்டே இருக்கும். முட்டையின் மேல் ஒரு தட்டு மெத்தை போட்டு, அதன் மேல் அடுத்த முட்டை வைத்து, கீழே இருப்பது எல்லாம் வீணாகும்.

9. முட்டையும் அடையும்

பானை மாட்டி ஒரு வாரம் பத்து நாளில் முதல் முட்டை. பிறகு தினம் ஒன்றாக நான்கு முதல் ஆறு. மூன்றாவது நான்காவது முட்டையிலிருந்துதான் உறுதியாக அடை உட்காரும். முதல் முட்டை கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று பதறாதீர்கள். ஆணும் பெட்டையும் மாறி மாறி அடைகாக்கும். 12 முதல் 14 நாளில் பொரியும். அடை தொடங்கிய தேதியைப் பானையிலேயே சுண்ணாம்புக் கட்டியால் எழுதுங்கள்.

இந்த நாட்களில் காலையில் தரையைப் பார்ப்பது கட்டாயம். பெட்டை உடம்பை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தால் முட்டை அடைத்திருக்கிறது. சின்னப் பெட்டியில் ஈரத்துணியோடு வைத்து, 40 வாட் குண்டு பல்பின் சூட்டில் உள்ளே 32 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பு கொடுங்கள். வயிற்றை அமுக்கவே கூடாது, உள்ளே உடைந்தால் காப்பாற்ற முடியாது. இரண்டு மூன்று மணி நேரத்தில் வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

ஏழாம் நாள், இரண்டும் பானையை விட்டு வெளியே இருக்கும்போது, செல்போன் டார்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடியுங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு உண்டு. தெளிவாக இருந்தால் கூமுட்டை. அதையும் உடனே எடுக்காதீர்கள். எல்லாம் கூமுட்டை என்றாலும் 16 நாள் உட்காரட்டும். உடனே எடுத்தால் பெட்டை மறுபடி முட்டை வைக்கும், அதன் உடம்புதான் கரையும்.

இரவில் ஜீரோ வாட் பல்பு எரியட்டும். பூனை வந்து எல்லாம் பதறிப் பறந்தால், வெளிச்சம் இருந்தால்தான் தன் பானைக்குத் திரும்பும் வழி தெரியும்.

10. குஞ்சு பொரிந்த பின்

முட்டைத் தீனி இனி தினம் இருவேளை, காலை ஆறரைக்கும் மதியம் மூன்றுக்கும். தவறவே கூடாது.

பானையை மாலை ஒருமுறை பார்த்தால் போதும். குஞ்சின் கழுத்தோரம் தோல் கண்ணாடி போல இருக்கும், தீனிப்பையில் வெள்ளை மணிகள் தெரியும். பொரிந்த அன்று காலியாக இருக்கலாம். மறுநாள் மாலையும் காலி என்றால்தான் கவலை.

குஞ்சு கீழே விழுந்து சில்லென்று அசையாமல் கிடந்தாலும் தூக்கி எறியாதீர்கள். உள்ளங்கையில் மூடி, மூச்சுக் காற்றால் சூடேற்றுங்கள். பத்து நிமிடத்தில் வாயைத் திறந்த குஞ்சுகளை நான் பார்த்திருக்கிறேன். சூடானதும் பானையில் வையுங்கள். மனித வாடைக்காகத் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல.

ஒரே பானையிலிருந்து திரும்பத் திரும்பக் குஞ்சு விழுந்தால் இரவில் டார்ச் அடித்து மெத்தையைப் பாருங்கள். சிவப்புப் பொடி போலப் பேன் ஓடினால் மெத்தையை மொத்தமாக மாற்ற வேண்டும். பேன் இல்லையென்றால் முட்டைத் தீனி போதவில்லை, அல்லது ஆட்கள் அடிக்கடி எட்டிப் பார்க்கிறார்கள்.

18 முதல் 21 நாளில் வெளியே வரும், இரவில் பானைக்கே திரும்பித் தூங்கும். இன்னும் இரண்டு வாரம் தாய் தகப்பன்தான் ஊட்ட வேண்டும், அதிகம் ஊட்டுவது தகப்பன்.

11. பிரிப்பது

முப்பத்தெட்டு, நாற்பது நாளில் பிரியுங்கள். நாளை மட்டும் எண்ணாதீர்கள், அது தானாக உமி உரித்துத் தின்கிறதா என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கொத்துவது போல நடிக்கும், உரிக்காது. அப்படியென்றால் இன்னும் மூன்று நாள் விடுங்கள்.

மிகவும் தாமதித்தால் தகப்பன் இறகைப் பிடுங்கி விரட்டும். பழைய பானையில் போய்த் தூங்கி இரண்டாம் ஈட்டு முட்டைகளையும் அழுக்காக்கும்.

மூன்று நான்கு குஞ்சுகளை ஒன்றாக வேறொரு கூண்டுக்கு மாற்றுங்கள். அதே மாதிரித் தட்டு, அதே தீனி. இந்தக் குஞ்சுக் கூண்டைப் பெரிய கூண்டுக்கு அருகிலேயே வையுங்கள். ஆண் குஞ்சு தகப்பன் பாட்டைக் கேட்டுத்தான் பாடப் பழகும், மூன்று மாதம் வரை அந்தப் பாடம் நடக்கும். இரண்டு மாதத்தில் கன்னப் பொட்டு தெரிந்ததும் ஆணையும் பெட்டையையும் தனித்தனியாக்குங்கள், இல்லையென்றால் உடன்பிறந்தவையே ஜோடி சேர்ந்துவிடும்.

12. பானையை இறக்குவது

இரண்டாம் ஈடு பிரிந்த அன்றே எட்டுப் பானையும் இறங்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலருக்கு மனம் வருவதில்லை. நன்றாகத்தானே போகிறது, இன்னொரு ஈடு எடுக்கலாமே என்று தோன்றும். மூன்றாம் ஈட்டுக்குப் போன பெட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், மார்பெலும்பு கத்தி போலத் தட்டுப்படும்.

முட்டைத் தீனியை வாரம் ஒருமுறையாகக் குறைத்து, முளைகட்டியதை நிறுத்துங்கள். சில பெட்டைகள் தீனித் தட்டிலேயே முட்டை வைக்கப் பார்க்கும். தட்டை இடம் மாற்றினால் இரண்டு வாரத்தில் அடங்கும். கத்திரி வெயிலில் மேற்குப் பக்கம் ஈரச் சாக்கு கட்டி, குளிக்கும் தண்ணீரை இருவேளை மாற்றுங்கள்.

மெத்தையைக் கொளுத்திவிட்டு, பானைகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, மூன்று நாள் வெயிலில் காயவையுங்கள். விரிசல் விட்டதை உடைத்துப் போடுங்கள், பேன் அந்த விரிசலில்தான் ஒளிந்திருக்கும். மற்றவற்றைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டால் அடுத்த பொங்கலுக்கு எடுத்தால் போதும்.